பெயர் உள்ள பதிவேடு



தகவல் அறியும் உரிமை என்று அழைப்பிதழில் போட்டிருப்பதால், சட்டத்தின் 31 பிரிவுகளையும் ஒன்றுவிடாமல் விளக்கப்போகிறேன் என்று பயந்து சிலர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. முன்னால் வரலாம். அதற்கு நல்ல கையேடுகள் தமிழிலேயே கிடைக்கின்றன. நான் வருவாய்த் துறையில் இருந்தவன்; பொதுத் தகவல் அலுவலர் என்ற பலகையை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன். மனுப் போடுகிறவர்களின் பக்கத்திலிருந்து பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். மனுவை வாங்குகிற பக்கத்திலிருந்து பேசுகிறவர்கள் குறைவு. அங்கிருந்து பார்த்த ஒரே விஷயத்தைத்தான் இன்று பேசப்போகிறேன்: அரசாங்கப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும் மனிதப் பெயர். அந்தப் பெயரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதில்தான் இந்தச் சட்டம் பிறந்தது. இப்போது சரியாக அந்த இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

ராஜஸ்தானில் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்றோர் ஊர். 1994 டிசம்பர் 2 அன்று அங்கே ஒரு கூட்டம் நடந்தது. கூட்டியது மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன். கூலிக்காரர்களும் சிறு விவசாயிகளும் சேர்ந்து 1990 மே தினத்தன்று பீம் என்ற ஊரில் தொடங்கிய அமைப்பு அது. முன்னின்றவர்களில் அருணா ராய், சங்கர் சிங், நிகில் தே ஆகிய மூவரும் முக்கியமானவர்கள். அருணா ராய் 1946ல் நம் சென்னையில் பிறந்தவர், சில காலம் கலாக்ஷேத்ராவில் படித்தவர், 1975ல் ஐ.ஏ.எஸ். வேலையை உதறிவிட்டு ராஜஸ்தான் கிராமத்துக்குப் போனவர். நம்மூர்ப் பெண் என்று உரிமை கொண்டாட நமக்கு ஆசைதான். ஆனால் அவர் பாடம் கற்றது அந்தக் கூலிக்காரப் பெண்களிடம் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

பிரச்சினை எளிமையானது. வறட்சி நிவாரண வேலை, சாலை வேலை, ஏரி வேலை என்று அரசு வேலைகள் நடக்கும். நாள் முழுக்க மண் வெட்டினவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வராது. ஏன் குறைந்தது என்று கேட்டால், நீ செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். சரி, பதிவேட்டைக் காட்டு என்றால் அது அரசாங்க ரகசியம். வெள்ளைக்காரன் 1923ல் ஒற்றர்களுக்குப் பயந்து எழுதிய ரகசியச் சட்டத்தின் நிழல், மண் சுமந்த பெண்ணின் ஒரு வாரக் கூலிவரைக்கும் நீண்டிருந்தது.

அந்தப் பதிவேட்டுக்கு அங்கே மஸ்டர் ரோல் என்று பெயர். நம் ஒன்றிய அலுவலகங்களில் என்.எம்.ஆர். என்பார்கள். இந்த அவையில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். இடது ஓரத்தில் வரிசை எண். அடுத்து வேலை செய்தவர் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர். அதற்கப்புறம் தேதிவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். வந்த நாளுக்கு ஒரு குறி, வராத நாளுக்கு வேறொரு குறி. வலது பக்கம் மொத்த நாள், ஒரு நாள் கூலி, மொத்தத் தொகை. கடைசிக் கட்டத்தில் கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை. எந்த வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று தலைப்பில் இருக்கும். அடியில் அதிகாரிகளின் கையொப்பம். பணத்தைக் களவாட வேண்டுமென்றால் இந்தத் தாளில்தான் களவாட வேண்டும், வேறு வழியில்லை. வராதவரை வந்ததாக எழுதலாம், வந்தவருக்கு நாளைக் கூட்டி எழுதிக் குறைத்துக் கொடுக்கலாம், ஒரே விரலைப் பத்து இடத்தில் அழுத்தலாம். மேலிருந்து வரும் தணிக்கையாளர் கூட்டல் கழித்தலைச் சரிபார்ப்பார். கூட்டல் எப்போதும் சரியாக இருக்கும். பதினேழாவது வரிசையில் இருக்கிறவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்பது எந்தத் தணிக்கையாளருக்கும் தெரியாது. அது அந்தத் தெருவுக்குத்தான் தெரியும்.

கோட் கிரானாவில் செய்தது அவ்வளவுதான். பார்க்கக் கிடைத்த பதிவேடுகளிலிருந்து எடுத்து வந்த விவரங்களை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். பெயர் வாசித்ததும் அந்த ஆள் எழுந்து, வேலை செய்தேனா இல்லையா, எவ்வளவு வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். செத்துப்போனவர்கள் பெயர் வந்தது. பிழைப்புக்கு வேறு ஊர் போனவர்கள் பெயர் வந்தது. கட்டி முடித்ததாகக் கணக்குக் காட்டப்பட்ட கட்டிடம் கூட்டத்துக்கு எதிரிலேயே முடியாமல் நின்றது. ஜன் சுன்வாய் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், மக்கள் விசாரணை. பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா என்று அடுத்தடுத்து நடந்தது. பதிவேட்டின் நகலைக் கொடுக்க மாட்டோம் என்று கிராம சேவகர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆயுதக் கிடங்கின் வரைபடத்தை யாரும் கேட்கவில்லை, நாலு ஊர்க்காரர்களின் பெயர்ப் பட்டியலைத்தான் கேட்டார்கள். அதற்கே வேலைநிறுத்தம் என்றால் அந்தத் தாளின் மதிப்பு யாருக்குத் தெரிந்திருந்தது பாருங்கள்.

1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் எழுந்து, உள்ளூர்ப் பணிகளின் ஆவணங்களை மக்கள் கட்டணம் கட்டி நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். ஓராண்டு கழிந்தது, உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தின் சாங் கேட்டில் உட்கார்ந்தார்கள். 40 நாள் உட்கார்ந்தார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் கோஷம். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, ஊர்க் கடைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். ‘ஜன்சத்தா’ இந்தி நாளிதழின் நிறுவன ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி வந்து பார்த்துவிட்டு எழுதியதில் டெல்லியும் திரும்பிப் பார்த்தது. அரசோ, பார்க்கலாம், கையால் குறித்துக்கொள்ளலாம், ஜெராக்ஸ் மட்டும் கிடையாது என்றது. ஜெராக்ஸில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கையால் எழுதிவந்ததை யாரும் பொய் என்று சொல்லிவிடலாம். ஜெராக்ஸில் அந்த விரல் ரேகையும் அதிகாரியின் கையொப்பமும் அப்படியே வந்துவிடும்.

1997ல் ஜெய்ப்பூரில் இன்னொரு தர்ணா, 53 நாள். அது முடிகிற கட்டத்தில் துணை முதலமைச்சர் ஒரு செய்தி சொன்னார்: பஞ்சாயத்து ஆவணங்களின் நகலைக் கொடுக்க வேண்டும் என்ற அறிவிக்கை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வந்துவிட்டதாம்! தகவல் தரும் உத்தரவு பற்றிய தகவலை யாருக்கும் தராமல் வைத்திருந்த பெருமை உலகத்தில் வேறெந்த அரசுக்கும் உண்டா என்று தெரியவில்லை. பல ஆண்டு அலுவலகத்தில் உட்கார்ந்த எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அரசிதழ் வருவதும் அது கட்டுக் கட்டாகப் பரணுக்குப் போவதும் எங்களுக்குப் பழக்கம்.

தமிழ்நாட்டின் கதை இதற்கு நேர்மாறு. இங்கே யாரும் தெருவில் உட்காரவில்லை. 1997லேயே இந்தியாவில் முதல் மாநிலமாக நாம் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிவிட்டோம். முதல் என்ற பெருமை நமக்குப் போதும் அல்லவா, அதனால் விதிவிலக்குகளை இருபதுக்கு மேல் அடுக்கினோம். எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு விலக்கில் விழும். மக்கள் கேட்டுப் பெறாத சட்டம் மக்களுக்குத் தெரியாமலே இருந்தது. 2002ல் டெல்லியில் ஒரு தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேறி, நடைமுறைக்கு வரும் தேதி அறிவிக்கப்படாமலே முடிந்துபோனது. கடைசியில் 2005 மே மாதம் இரு அவைகளிலும் நிறைவேறி, ஜூன் 15 அன்று ஒப்புதல் பெற்று, அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்ததுதான் இப்போதைய சட்டம்.

அது அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எங்களை உலுக்கியது பதில் தருவதற்கான 30 நாள் கெடுவும் இல்லை, நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை சொந்தச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய தண்டமும் இல்லை. 6(2) என்ற சின்னஞ்சிறு பிரிவுதான். தகவல் கேட்கிறவரிடம் எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது. நூற்றைம்பது வருஷமாக அரசு அலுவலகத்தின் முதல் கேள்வியே ‘உங்களுக்கு எதுக்கு சார் இது?’ என்பதுதானே. அந்தக் கேள்வியைப் பிடுங்கிக்கொண்டால் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நீதிமன்றத்துக்கே அது ஒருமுறை பிடிபடவில்லை. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பில் எழுதிவிட்டது. சில நாளில், சட்டத்தில் 6(2) இருப்பதைச் சுட்டி அந்தப் பகுதியைத் தானாகவே நீக்கிக்கொண்டது. நீக்கியது பெரிய மனது. எழுத வைத்தது நம் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம்.

காரணம் கேட்க முடியாது என்றானதும் அலுவலகங்கள் வேறு வழிகளைக் கற்றுக்கொண்டன. ‘கோரிய தகவல் கேள்வி வடிவில் உள்ளதால் சட்டத்தின் வரம்புக்குள் வராது’ என்ற வாக்கியத்தை உங்களில் எத்தனை பேர் வாங்கியிருப்பீர்கள்! அதில் பாதி உண்மை உண்டு. சட்டம் 2(எஃப்) பிரிவில் தகவல் என்று சொல்வது பதிவேடு, ஆவணம், குறிப்பு, மின்னஞ்சல், உத்தரவு, மாதிரி போன்ற பொருள்களை. ‘என் பட்டா மாறுதல் ஏன் தாமதம்?’ என்பது கேள்வி. அதற்கு அலுவலர் உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டியதில்லை. அதையே இப்படிக் கேளுங்கள்: ‘என் மனு இன்ன தேதியில் பெறப்பட்டு இன்ன ந.க. எண்ணில் உள்ளது. அந்த எண்ணுக்கான தன்பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும்.’

தன்பதிவேடு என்பது ஒவ்வொரு பிரிவு உதவியாளரும் வைத்திருக்க வேண்டிய ஏடு. கோப்பு அவர் கைக்கு வந்த தேதி, கிராம நிர்வாக அலுவலருக்கு அறிக்கை கேட்டு அனுப்பிய தேதி, நில அளவருக்குப் போன தேதி, துணை வட்டாட்சியருக்கு வைத்த தேதி எல்லாம் அதில் வரிசையாக ஏற வேண்டும். இப்போது மின் அலுவலக முறையில் மணியும் நிமிடமும் சேர்ந்து பதிவாகிறது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தால் யார் மேசையில் கோப்பு நாலு மாதம் தூங்கியது என்பது யாரும் விளக்காமலே தெரிந்துவிடும். பல நேரங்களில் நகல் வருவதற்கு முன் பட்டாவே வந்துவிடும். இது என் அனுபவம் மட்டுமில்லை. டெல்லிக் குடிசைப் பகுதிகளில் ரேஷன் அட்டை கேட்டவர்களை வைத்து லியோனிட் பெய்சாகின், பால் பின்டோ என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை 2010ல் வெளியானது. சும்மா விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களுக்கு அட்டை வந்தபாடில்லை. லஞ்சம் கொடுத்தவர்களுக்கு முதலில் வந்தது. விண்ணப்பித்துவிட்டு என்ன ஆயிற்று என்று ஆர்.டி.ஐ. என்கிற தகவல் உரிமை மனுப் போட்டவர்களுக்கு, ஏறக்குறைய லஞ்சம் கொடுத்தவர்கள் அளவுக்கே, வேலை நடந்தது. மனுவில் ஒட்டுகிற பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லைக்கு இது மோசமில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஆயுள் உண்டு. முடிந்த கோப்பில் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று ஓர் எழுத்தைப் போட்டு மூடுவார்கள். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. அந்தக் காலம் முடிந்தால் அழித்துவிடலாம். ஊழல் நடந்தது பத்து வருஷம் பேசப்படும், கோப்பு மூன்று வருஷத்தில் சாம்பலாகும். உங்களுக்கு வந்த கடிதத்தின் தலைப்பில் எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள், கோப்பு எதுவரை உயிரோடு இருக்கும் என்பது தெரிந்துவிடும். ‘ஆவணம் கிடைக்கவில்லை’ என்று பதில் வந்தால், அழிப்புப் பதிவேட்டின் பக்கத்தைக் கேளுங்கள். அழித்ததற்கும் ஒரு பதிவேடு இருக்க வேண்டும்.

மேல்முறையீட்டைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. முதல் மேல்முறையீடு அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம், 30 நாள், மிஞ்சினால் 45 நாள். இரண்டாவது, தகவல் ஆணையத்திடம். ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த ஒரு மௌனத்தில் லட்சக்கணக்கான மனுக்கள் முடங்கிக் கிடக்கின்றன. ஜார்க்கண்டில் 2020 மே முதல் ஆண்டுக்கணக்கில் ஆணையர்களே இருக்கவில்லை. 2019 திருத்தத்தில் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே தீர்மானிக்கும் என்று மாற்றினார்கள், ஐந்தாண்டு மூன்றாண்டானது. நம் மாநிலம் 2008ல் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தையே சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைத்தது. இவையெல்லாம் சட்டத்தின் மேல் பட்ட காயங்கள். ஆனால் 2023ல் பட்ட காயம் வேறு மாதிரி.

8(1)(ஜே) என்ற பிரிவு. பழைய வடிவத்தில் அது இப்படி இருந்தது: பொதுச் செயல்பாட்டோடும் பொதுநலனோடும் சம்பந்தமில்லாத தனிப்பட்ட தகவலை, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடும் தகவலை, தர வேண்டியதில்லை, பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம். கீழே ஒரு வரி: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது. சட்டம் முழுவதிலும் எனக்குப் பிடித்த வரி அதுதான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தன் 44(3) பிரிவால் இந்த இடத்தைத் துடைத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் தொடர்பானது என்ற சில சொற்களை மட்டும் வைத்தது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பொதுச் செயல்பாட்டோடு சம்பந்தம் உண்டா இல்லையா என்று பார்க்கும் வேலையும் போயிற்று, சட்டமன்ற உறுப்பினருக்கு இணையாக நம்மை வைத்த அந்த வரியும் போயிற்று. ஒருவரின் பெயர் தனிப்பட்ட தகவலா? ஆம். அப்படியானால் மஸ்டர் ரோல்?

அந்தரங்கம் ஒன்றும் அற்பமான விஷயமில்லை. 2017ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்றார்கள், சரியாகவே சொன்னார்கள். பிரிந்துபோன மனைவியின் சம்பளச் சீட்டைக் கேட்டுக் கணவர் போட்ட மனுவும், எதிர்வீட்டுக்காரர் மகளின் சாதிச் சான்றிதழை யார் கொடுத்தது என்று கேட்ட மனுவும் எந்த அலுவலகத்துக்கும் வந்துவிடும். மனுப் போட்டுவிட்டு, திரும்பப் பெற்றுக்கொள்ள ‘செலவு’ கேட்கிற ஆட்களும் உண்டு. அவர்களைச் சமூக ஆர்வலர் பட்டியலில் சேர்க்க நான் தயாரில்லை. ஆனால் அவர்களையெல்லாம் தடுக்கப் பழைய 8(1)(ஜே) போதுமானதாக இருந்தது. 2012ல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் அரசு ஊழியரின் சொத்து விவரம், துறை நடவடிக்கைக் குறிப்பாணை வரைக்கும்கூட உச்ச நீதிமன்றம் அதைக் கொண்டே மறுத்தது. என்னைக் கேட்டால் அது தேவைக்கு மேலேயே போன தீர்ப்பு. ஏழைகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கொத்துக் கொத்தாக வெளியில் கிடந்ததாக 2017ல் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அதை வெளியிட்டது எந்த ஆர்.டி.ஐ. மனுதாரரும் இல்லை. அரசுத் துறைகளின் சொந்த இணையதளங்கள்தான்.

8(2) இருக்கிறதே, பொதுநலன் மேலோங்கினால் எதையும் தரலாமே என்று அரசு பதில் சொல்கிறது. தாளில் அது சரி. மேசையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஒன்றிய அலுவலகத்தில் ஒரு துணை வட்டார வளர்ச்சி அலுவலர் பொதுத் தகவல் அலுவலராக இருக்கிறார். ஓய்வுபெற நாலு வருஷம் இருக்கிறது. தொகுப்பு வீட்டுப் பயனாளிகள் பட்டியலைக் கேட்டு மனு வருகிறது. கொடுக்காவிட்டால் நாளுக்கு 250 ரூபாய் தண்டம். அதுவும் ஆணையம்வரை போய், ஆணையம் மனம் வைத்தால். கொடுத்தால்? புதிய தரவுச் சட்டத்தில் 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்று பேப்பரில் படித்திருக்கிறார். அந்த 250 கோடி, தரவைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனங்களுக்கானது, தனி அலுவலருக்கானதில்லை. நல்லெண்ணத்தில் தகவல் தந்தவருக்கு ஆர்.டி.ஐ. சட்டத்தின் 21ஆம் பிரிவு பாதுகாப்பும் தருகிறது. ஆனால் அந்த நுணுக்கத்தையெல்லாம் அவர் அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். ‘தனிப்பட்ட தகவல் என்பதால் தர இயலாது’ என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடிப்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு எது எளிது என்பதைச் சட்டம்தான் மாற்றி வைத்திருக்கிறது.

பெயரை மறைத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால் போதாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இந்த ஊராட்சியில் 214 பேருக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது என்று எழுதிக் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோட் கிரானாவில் மொத்தத் தொகையை வாசித்திருந்தால் ஜனங்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பெயரை வாசித்தபோதுதான் ஆள் எழுந்து நின்றார். இறந்தவர் பெயர் வந்தபோதுதான் கூட்டம் கொந்தளித்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் இதே விஷயம் இன்னும் கனமாக நடந்தது. இலங்கையில் 2015ன் பத்தொன்பதாம் திருத்தம் தகவல் உரிமையை அரசியலமைப்பிலேயே சேர்த்தது. 2016ன் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 அன்று நடைமுறைக்கு வந்தது. நம் சட்டத்தைவிடச் சில இடங்களில் அது மேலானது. 2009ல் போரின் கடைசி நாட்களில் சரணடைந்தவர்களின் பட்டியலைக் கேட்டுத் தமிழ்ச் செய்தியாளர் ஒருவர் இராணுவத்திடம் மனுக் கொடுத்தார். யாரும் இராணுவத்திடம் சரணடையவில்லை, அரசாங்கத்திடம்தான் சரணடைந்தார்கள் என்று இராணுவம் பதில் தந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆண்டுக்கணக்காக வீதியோரக் கொட்டகைகளில் உட்கார்ந்து கேட்பதும் அதே பட்டியலைத்தான். எத்தனை பேர் என்பது அவர்களுக்கு வேண்டாம். அந்தத் தாளில் தன் பிள்ளையின் பெயர் இருக்கிறதா, எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் என்பதுதான் வேண்டும். தனிப்பட்ட தகவல் என்று யாராவது அந்தத் தாயிடம் சொல்ல முடியுமா?

உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் போனால் தமிழ் மேடையில் குற்றமாகிவிடும். பராந்தக சோழன் காலத்து அந்தச் சாசனத்தில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள் என்று விதி இருக்கிறது. நிலம் உள்ளவர், வேதம் படித்தவர் என்ற வேலிக்குள் நடந்த ஜனநாயகம்தான் அது. கூலிக்காரர் யாரும் அந்த ஓலையில் ஏறவில்லை. இருந்தாலும் கணக்குக் காட்டாதவனின் மைத்துனனைக்கூட விடாத அந்தக் கறாரை நான் ரசிக்கிறேன்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். திருத்தம் வந்துவிட்டது. அதை எதிர்க்கிறவர்கள் நீதிமன்றத்தில் எதிர்க்கட்டும், நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்டும். நாளை காலை மனு எழுதுகிறவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டத்தில் 4(1)(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதில் 17 இனங்கள். யாரும் கேட்காமலே ஒவ்வோர் அலுவலகமும் தானாக வெளியிட வேண்டியவை அவை. பத்தாவது இனம், அலுவலர்களின் மாதச் சம்பளம். பன்னிரண்டாவது, மானியத் திட்டங்கள், அவற்றுக்கு ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் விவரம். பதின்மூன்றாவது, சலுகை, அனுமதி, அங்கீகாரம் பெற்றவர்களின் விவரம். இந்தப் பிரிவை 2023 சட்டம் தொடவில்லை. தானாக வெளியிட வேண்டியதைக் கேட்டவருக்கு மறுப்பது எப்படி என்று அலுவலர்தான் யோசிக்க வேண்டும். இந்த 17 இனங்களையும் ஒழுங்காக வெளியிட்டால் மனுக்களில் பெரும்பகுதி தேவையே இருக்காது. ராஜஸ்தான் அரசு 2019 செப்டம்பரில் ஜன் சூச்னா என்ற இணையதளத்தைத் திறந்து, யாருக்கு எவ்வளவு அரிசி, யாருக்கு எந்த உதவி என்று ஊர்வாரியாகப் போட்டதும் இந்த நான்காம் பிரிவின் கீழ்தான்.

ஆகவே மனுவில் இப்படி எழுதுங்கள். ‘இன்ன ஊராட்சியில் இன்ன நிதியாண்டில் இன்ன திட்டத்தின் பயனாளிகள் பட்டியல், பெயர், தெரு, தொகை, தேதி ஆகியவற்றுடன். 4(1)(பி) பிரிவின் பன்னிரண்டாம் இனத்தின்படி இது தாமாகவே வெளியிடப்பட வேண்டியது. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண் ஆகியவை வேண்டாம். அவற்றை 10ஆம் பிரிவின்படி மறைத்துத் தரலாம். மறுப்பதாக இருந்தால் 8(2) பிரிவின்படி பொதுநலனைச் சீர்தூக்கிப் பார்த்த விவரத்தை எழுதித் தரவும்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒற்றை வரியில் மறுக்கலாம் என்று நினைக்கிறவரை ஒரு பக்கம் எழுத வைப்பது அதுதான். எழுத உட்கார்ந்தால் பலர் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வருவார்கள் என்பது அந்த நாற்காலியில் இருந்தவன் சொல்வது.

நகல் தர மறுத்தால் பார்வையிட அனுமதி கேளுங்கள். 2(ஜே) பிரிவில் அந்த உரிமை இருக்கிறது, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. போகும்போது அந்த ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போக அனுமதி கேளுங்கள். வயதான பெண்ணாக இருந்தால் நல்லது, தெருவில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது அவருக்குத்தான் தெரியும். கிடைத்த பட்டியலை அடுத்த கிராம சபையில் வாசியுங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என்று கூடுகிற நாட்கள் உங்களுக்குத் தெரியும். தீர்மான நோட்டில் ‘பட்டியல் வாசிக்கப்பட்டது’ என்று எழுதச் சொல்லுங்கள். ஆட்சேபம் சொன்னவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தீர்மானத்தின் நகலைக் கேட்க இன்னொரு பத்து ரூபாய் வில்லை வேண்டும், அதையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனுவை விரைவு அஞ்சலில் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான ஒப்புகையைத் தொலைக்காதீர்கள். முப்பது நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதற்கு அந்த ஒப்புகைதான் சாட்சி.